மணிக்கணக்கு

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
செயல்பாடு. அமைப்பு. தொடங்கிய நாள். முடிந்த நாள்.
மணிநேரம்.
சான்றளிப்பவர் பெயர்.
விவரிக்க இருநூறு எழுத்துக்கு இடம்.
இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்படும் என்று
அடியில் பொடி எழுத்தில் ஒரு மிரட்டல்.

நூலகத்தில் செவ்வாய்தோறும் வீட்டுப்பாட உதவி: முப்பது மணி.
(பாதி நேரம் பென்சில் சீவினேன்.)
கோடை முகாம்: நாற்பத்தைந்து.
(யாருடையதென்று தெரியாத ஈரத் துண்டுகளை
கொடியில் போட்டு எடுத்தேன்.)
தேவாலய அடித்தளத்தில் பெரோகி விற்று
பள்ளிக்குப் பந்து வாங்கித் தந்தோமே,
அதை எந்தக் கட்டத்தில் அடைப்பது?
"தலைமைப் பண்புன்னு போடு,"
என்கிறான் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
நான் அன்று மாவு பிசைந்தேன். யாருக்கும் தலைமை தாங்கவில்லை.

பிறகு கர்லிங்.
டாஃபின் ஊர்ப் பனித்தளம், சனிக்கிழமைக் காலை,
எட்டுப் பிள்ளைகள், எட்டுத் துடைப்பங்கள்,
எப்போதும் ஏழு கையுறை ஜோடிகள்.
அறுபத்திரண்டு மணி என்று போட்டேன்.
விவரத்தில் எழுதினேன்:
"உருட்டிவிட்ட கல்லை யாரும் தொடக்கூடாது.
முன்னால் ஓடித் தேய்த்து
அதன் வழியை மட்டும் இளக்கலாம்.
கற்பித்தலும் அப்படித்தான்."
வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.
அதனாலேயே அழித்தேன்.
மானிட்டோபாவில் துடைப்பம் பிடித்த அத்தனை பேரும்
இந்த வாரம் இதையேதான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கையெழுத்துக்கு டார்லா ஹ்னாட்யுக்கிடம் போனேன்.
பனித்தளத்தின் சாவிக்கொத்தும் சிற்றுண்டிக் கடையும்
அவள் பொறுப்பு.
கொதிக்கும் எண்ணெயில் உருளைக்கிழங்கைக் கொட்டிவிட்டு
இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு
தாளை வாங்கினாள்.
பேனாவை எடுக்கவில்லை.
கல்லாவுக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த
ஒரு நோட்டை எடுத்தாள்.
விளக்குப் போட்ட நேரம், அணைத்த நேரம்.
மின்வாரியத்தோடு சண்டை போட அவள் எழுதிவைத்தது.
உதடு அசைய அசையக் கூட்டினாள்.
"ஐம்பத்தொண்ணு."
நிமிர்ந்து பார்த்தாள்.
"மீதிப் பதினொண்ணு, வெளியே வண்டிக்குள்ளே."

இருபத்திரண்டு சனிக்கிழமை.
தலா அரைமணி.
கணக்குச் சரியாகத்தான் வந்தது.

அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.
மைனஸ் முப்பத்தொன்றில் இன்ஜினை அணைக்காமல்
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.
உள்ளே எட்டுப் பேர்.
எட்டுப் பேர் பெயரையும் சொல்லிப் பார்ப்பேன்.
வயிற்றில் புளியைக் கரைக்கும்.
அவர்கள் என்னைப் பார்ப்பார்கள்,
அவ்வளவுதான், வேறொன்றும் செய்ய மாட்டார்கள்,
அதுதான் பயம்.

பதினாலாவது வாரமோ பதினைந்தாவதோ,
கண்ணாடியில் துடைப்பக் காம்பால் யாரோ தட்டினார்கள்.
ஜோரி ஃப்ளெட். வயது ஒன்பது.
இந்தப் பருவம் முழுக்க ஒரு கல்லைக்கூட
வட்டத்துக்குள் நிறுத்தாதவன்.
கண்ணாடியை இறக்கினேன்.
குளிர் முதலில் வந்தது, பிறகு அவன் குரல்.
"எனக்கும் பயமாத்தான் இருக்கு.
ஆனா நீங்க வந்தாத்தான் விளக்குப் போடுவாங்களாம்.
கால் விறைக்குது."

போனேன்.
அன்றும் அவன் கல் வட்டத்தைத் தாண்டிப் போய்
பின்பலகையில் மோதியது.
நான் சொல்லித்தர எதுவும் தோன்றவில்லை.
"அடுத்தது," என்றேன்.

இது இருநூறு எழுத்தில் அடங்கவில்லை.
எண்ணிப் பார்த்தேன்.
ஜோரி என்ற பெயரைக் கழித்தாலும் அடங்கவில்லை.
'குழுவாகச் செயல்படும் திறன்' என்று எழுதி
இடத்தை நிரப்பினேன்.
அறுபத்திரண்டை அடித்து ஐம்பத்தொன்று போட்டேன்.
டார்லா கையெழுத்திட்டாள், அவ்வளவு அழுத்தி,
தாளின் மறுபக்கத்தில் தடவினால் அவள் பெயர் தெரிந்தது.
உருளைக்கிழங்குக்குக் காசு வாங்கிக்கொண்டாள்.

இப்போது என்னிடமும் ஒரு நோட்டு இருக்கிறது,
வண்டியின் கையுறைப் பெட்டியில்.
போன சனிக்கிழமை உள்ளே உட்கார்ந்திருந்தது
பதினேழு நிமிடம்.
இந்த வாரம் பன்னிரண்டு என்று எழுத ஆசைதான்.
இருபது.